நம்மைப் படமெடுக்க வருவோரும் நாமும்

நடிகர்களைக் கொண்டு கதை சொல்லாமல், மக்களின் உண்மை வாழ்வையும் தொழிலையும் காட்டுவது விவரணப் படம். காஞ்சிபுரத்தை அடுத்த திருப்புட்குழி போன்ற ஊர்களுக்கும் தறியையும் வயலையும் படமெடுக்க விரும்புவோர் வரக்கூடும். ஆகவே, இக்கலையின் இயல்பை நம் உறுப்பினர்கள் அறிந்திருத்தல் நலம்.

தமிழரில் இத்துறையின் முன்னோடி கோட்டையூர் ஏ. கே. செட்டியார். ஜப்பானிலும் அமெரிக்காவிலும் புகைப்படக் கலை பயின்ற அவர், காந்தியடிகளைப் பற்றிப் பிறர் முன்னரே எடுத்திருந்த படச்சுருள்களைப் பல நாடுகளிலும் தேடித் திரட்டினார். அவரது படம் 1940இல் தமிழில் வெளியாயிற்று. நிகழ்ந்ததைத் தேடிச் சேர்த்தல் ஒரு முறை.

நிகழாததை நிகழ்த்திக் காட்டுவதும் உண்டு. ராபர்ட் பிளாஹெர்ட்டி என்னும் அமெரிக்கர் கனடாவின் வடபகுதியில் வாழும் இனூயிட் மக்களைப் பற்றி எடுத்த படம் 1922இல் வெளிவந்தது. துப்பாக்கி பழகியிருந்த அம்மக்கள் அதில் ஈட்டியால் வேட்டையாடிக் காட்டினர். 1934இல் வந்த ஆரன் தீவுப் படத்துக்காக, அங்கு என்றோ மறைந்துபோன சுறா வேட்டை அயர்லாந்து மீனவர்க்குப் புதிதாகக் கற்பிக்கப்பட்டது. பார்த்தவர் பலர் அதனை அன்றாட வாழ்வென்றே கருதினர். எனினும், இனூயிட் மக்களிடையே எடுத்த சுருளை அங்கேயே கழுவி, அவர்களுக்கே திரையிட்டுக் காட்டியது பிளாஹெர்ட்டியிடம் போற்றத்தக்க செயலாகும்.

இவற்றால் நமக்கு ஆவதென்ன? கைத்தறியில் கோர்வைச் சேலை நெய்கையில், நெசவாளருடன் கரை நாடாவைச் செலுத்தத் துணையாள் ஒருவரும் வேண்டும். சேலையின் பளபளப்பை மட்டும் காட்டி அத்துணையாளை விட்டுவிட்டால், காண்போர் ஒருவர் உழைப்பையே கணக்கிடுவர்; விலை மிகுதி என்பர். படத்தில் விடுபட்ட கை கூலியிலும் விடுபடும்.

ஆதலின், படமெடுக்க வருவோரை வரவேற்போம்; மூன்றை மட்டும் கேட்போம். தொழிலில் பங்குகொள்ளும் எல்லாரையும் காட்டுக. கைவிடப்பட்ட வழக்கத்தைச் செய்து காட்டச் சொன்னால், அது பழைய வழக்கமென்று படத்திலேயே கூறுக. வெளியிடுமுன் ஊரார்க்கு ஒருமுறை திரையிடுக. நூறாண்டுக்கு முன் பனிநாட்டில் இயன்றது, கைப்பேசியிலேயே படமெடுக்கும் இந்நாளில் இயலாததன்று.