கதை நடந்த ஊர் – 14: கீதா டீச்சரின் சம்பளம்

போன வாரம் பண்ருட்டியில் நின்றோம். இந்த வாரம் பஸ் தெற்கே போகிறது. சாலையின் இருபுறமும் முந்திரி, நடுநடுவே பலா. காடாம்புலியூர் தாண்டினால் நெய்வேலி தூரமில்லை. புருஷனைப் பறிகொடுத்த ஒரு பெண் மறுபடி ஒருவரை விரும்பலாமா என்ற கேள்விக்குத் தமிழில் எழுதப்பட்ட துணிச்சலான பதில் ஒன்று அந்த நெய்வேலியிலிருந்துதான் கிளம்புகிறது. ஜெயகாந்தனின் ‘யுகசந்தி’. 1960-களில் வந்த சிறுகதை.

கதையை மறந்தவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். கௌரிப் பாட்டி நெய்வேலியிலிருந்து கடலூர் வந்து பஸ்ஸை விட்டு இறங்குகிறாள். இளம் வயதிலேயே தாலியறுத்தவள், தலை மழித்தவள். நெய்வேலியில் டீச்சராக இருக்கும் பேத்தி கீதாவுக்குத் துணையாக அங்கே தங்கியிருக்கிறாள். அவ்வப்போது மகன் கணேசய்யரைப் பார்க்கக் கடலூர் வருவாள். கீதாவும் விதவை. தன்னோடு வேலை பார்க்கும் ஹிந்தி பண்டிட் ராமச்சந்திரனைப் பதிவுத் திருமணம் செய்துகொள்ளப் போவதாக அவள் எழுதிய கடிதத்தைக் கணேசய்யர் படிக்கிறார். வீடு இடிந்து விழுகிறது. மகள் செத்துவிட்டதாகவே தீர்ப்பு. பாட்டிக்கும் முதலில் திகைப்புதான். ஆனால் கடைசியில் மூட்டையைத் தூக்கிக்கொண்டு, பேத்தி இருக்கும் நெய்வேலிக்கே பஸ் ஏறக் கிளம்பிவிடுகிறாள்.

இதில் காதல் காட்சி ஒன்றுகூட இல்லை என்பதைக் கவனியுங்கள். கடிதத்தில் பெயராக வருவதோடு சரி, ராமச்சந்திரனை நாம் பார்ப்பதே இல்லை. அவர் உயரமா, குட்டையா, சிரித்தால் எப்படி இருப்பார், எதுவும் தெரியாது. ஆனாலும் ஒரு காதல் கதைக்குத் தேவையான அத்தனையும் இதில் இருக்கிறது.

ஜெயகாந்தன் கடலூர் மஞ்சக்குப்பத்துக்காரர். 1934-இல் பிறந்தவர். அந்த டீச்சரைச் சிதம்பரத்திலோ கும்பகோணத்திலோ வைத்திருக்கலாம். நெய்வேலியில் வைத்தார். நிலக்கரி நிறுவனம் தொடங்கியது 1956-இல். மறு ஆண்டு நேரு வந்து சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். 1961-இல்தான் பழுப்பு நிலக்கரி கண்ணில் பட்டது. கீதா கடிதம் எழுதும்போது ஊரே சின்னப் பிள்ளை. அங்கே கிழக்குத் தெருவும் கிடையாது, மேலத்தெருவும் கிடையாது. ‘எந்த வட்டம்?’ என்றுதான் கேட்பார்கள். பக்கத்து குவார்ட்டர்ஸில் ஒரு மலையாளி, எதிரே ஒரு மதுரைக்காரர். உங்கள் அத்திம்பேரின் ஒன்றுவிட்ட அண்ணாவைத் தெரிந்தவர் யாரும் இல்லாத தெருவில் குடியிருப்பது, அந்தக் காலத்து இளம் விதவைக்கு எவ்வளவு பெரிய மூச்சு! (அந்த ஊருக்காக நிலத்தைக் கொடுத்துவிட்டுப் போன கிராமங்களின் துக்கம் தனி. அதற்கு இன்னொரு வாரம் வேண்டும்.)

அதைவிடப் பெரியது, கீதாவுக்கு மாதா மாதம் வந்த சம்பளம். அழுது தீர்த்தபின் அவளை எழுந்து உட்கார வைத்தது படிப்பு. நிற்க வைத்தது உத்தியோகம். ராமச்சந்திரன் அதற்குப் பிறகுதான் வருகிறார். அதனால்தான் அவளால் அனுமதி கேட்காமல், தகவலாகக் கடிதம் எழுத முடிந்தது. அப்பா சோறு போட்டுக்கொண்டிருந்தால் அந்தக் கடிதத்துக்கு வேறு நடை வந்திருக்கும்.

இங்கேதான் நம்முடைய காதல் நாவல்களோடு எனக்கு ஒரு வழக்கு இருக்கிறது. வாடகை நூலகத்தில் ரமணிசந்திரனைக் கைமாற்றிக் கைமாற்றிப் படித்து வளர்ந்த தலைமுறை ஒன்று உண்டு. ராணிமுத்து, மாலைமதி என்று மாத நாவல்கள் பஸ் ஸ்டாண்டுக் கடைகளில் கிளிப் போட்டுத் தொங்கின. இப்போது அதே வாசகிகளும் அவர்களுடைய பெண்களும் பிரதிலிபியில் அத்தியாயம் அத்தியாயமாகப் படிக்கிறார்கள், எழுதுகிறார்கள். நான் இவற்றை ஏளனம் செய்கிறவன் இல்லை. சமையலுக்கும் தூக்கத்துக்கும் நடுவில் ஒரு பெண் தனக்கென்று எடுத்துக்கொள்ளும் அரைமணி நேரம் அது.

ஆனால் இந்த நாவல்களில் மனைவியை இழந்த நாயகன் தாராளமாக வருவான், கையில் ஒரு குழந்தையும் இருக்கும். அவன் முன்பு குடும்பம் நடத்தியதை யாரும் குறையாக நினைப்பதில்லை. கணவனை இழந்த நாயகி என்றால் மட்டும் எழுதுகிறவர்களுக்குக் கை நடுங்குகிறது. தாலி கட்டிய அன்றைக்கே மாப்பிள்ளை லாரியில் அடிபட்டுச் செத்திருப்பான். நாயகி ‘புதுசாகவே’ இருப்பாள். சினிமாவும் இந்தத் தந்திரத்தைத்தான் வெகுகாலம் செய்தது. ஜெயகாந்தன் அதைச் செய்யவில்லை. கீதா கணவனோடு சில மாதங்கள் வாழ்ந்தவள். வாழ்ந்தவள்தான் மறுபடி வாழக் கேட்கிறாள். அந்த நேர்மை எழுதியவருக்கு இருந்ததால்தான் கணேசய்யரின் கோபம்கூட நிஜமாக இருக்கிறது.

இன்னொன்று, பணம். காடாம்புலியூரைச் சுற்றி முந்திரிக்கொட்டை உடைக்கும் வேலையில் பெண்கள்தான் அதிகம். கொட்டையை ஒன்றொன்றாக உடைத்து, பருப்பு நொறுங்காமல் எடுக்க வேண்டும். நொறுங்கினால் விலை போச்சு. கொட்டைப்பால் பட்ட இடத்தில் தோல் கருத்து உரியும். சாம்பலோ எண்ணெயோ பூசிக்கொண்டுதான் கை வைப்பார்கள். இந்த வேலையை நம்பி வீட்டை நடத்தும் விதவைக்கு ‘மனம் விரும்பியவரோடு புது வாழ்க்கை’ என்பது முதலில் ஒரு கணக்கு. பிள்ளையை அவர் ஏற்பாரா, மாமியார் வீட்டு மனை யாருக்கு, இருக்கிற பென்ஷன் நின்றுபோகுமா?

நின்றுபோகும். 1995-ஆம் ஆண்டின் தொழிலாளர் ஓய்வூதியத் திட்டத்தில், கணவன் இறந்தபின் மனைவிக்கு வரும் தொகை அவள் மறுமணம் செய்தால் நின்றுவிடும். பிள்ளைகளுக்கு உரியது தொடரும். 2014 முதல் அந்தத் திட்டத்தின் குறைந்தபட்ச ஓய்வூதியம் மாதம் 1,000 ரூபாய். சொற்பம்தான். ஆனால் அந்த ஆயிரத்துக்காகத் தாலி கட்டிக்கொள்ளாமல் தயங்கும் ஒரு பெண்ணைப் பற்றி நம் காதல் நாவல் எதிலாவது படித்திருக்கிறீர்களா? நான் படித்ததில்லை. நல்ல நாவலுக்கு இதைவிடப் பெரிய இடைஞ்சல் வேண்டுமா? பணக்கார வில்லி எதற்கு, காணாமல்போன டைரி எதற்கு?

சட்டம் 1856-லேயே விதவையின் மறுமணத்துக்கு வழி விட்டுவிட்டது. அ. மாதவையா 1903-இல் ‘முத்துமீனாட்சி’ நாவலில் அதைக் கேட்டு வாதாடிவிட்டார். தமிழக அரசு 1975-இலிருந்து மறுமண உதவித் திட்டமே நடத்துகிறது; இன்று அது டாக்டர் தர்மாம்பாள் அம்மையார் பெயரில் இருக்கிறது. 25,000 ரூபாய், பட்டமோ பட்டயமோ படித்தவர் என்றால் 50,000, கூடவே தாலிக்கு 8 கிராம் தங்கம். ஒரு காலத்தில் தாலியை அறுத்த ஊரில், தாலிக்குத் தங்கம் தருவது அரசாங்கம்.

கைபேசியில் தொடர்கதை எழுதும் சகோதரிகளுக்கு ஒரு விண்ணப்பம். அடுத்த நாயகிக்கு முதலில் ஒரு வேலை கொடுங்கள், சம்பளத் தேதி கொடுங்கள். அவளுடைய முதல் கணவனைக் கல்யாண மண்டபத்து வாசலிலேயே கொல்லாதீர்கள். புதியவர் பத்தாவது அத்தியாயத்தில் வந்தால் போதும். இதைப் படிக்கிறவர்கள் வீட்டில் அப்படி ஒரு முடிவுக்குக் காத்திருப்பவர் யாராவது இருந்தால், அந்த உதவித் திட்டத்தைப் பற்றி மாவட்ட சமூக நல அலுவலகத்தில் விசாரிக்கலாம்.

(தொடரும்)