சாலை மரங்களுக்கு மூடாக்கு

வேனிலின் தொடக்கத்தில் வேம்பும் அரசும் உதிர்க்கும் சருகைக் கூட்டிக் கொளுத்தும் வழக்கம் நம் நகரங்களில் இன்னும் முற்றிலும் ஒழியவில்லை. காட்டில் அச்சருகு மட்கி மண்ணோடு கலக்கிறது. நகரத்திலோ மரத்தடி வெறுந்தரையாகி இறுகிவிடுகிறது. 2013-ஆம் ஆண்டில் தேசிய பசுமைத் தீர்ப்பாயம், தில்லியில் மரங்களைச் சுற்றி ஒரு மீட்டர் தொலைவுக்குள் இருந்த கான்கிரீட்டை அகற்றுமாறு ஆணையிட்டது. அவ்வாறு திறந்த மண்ணையும் வெறுமையாக விடலாகாது. வெயிலும் மிதியும் அதனை மீண்டும் இறுக்கிவிடும்.

சருகு, தழை, மரச்சீவல் ஆகியவற்றை 5 முதல் 10 செ.மீ. கனத்திற்குப் பரப்பினால் ஈரம் காக்கப்படும், களை அடங்கும், வேர்மண்ணின் வெப்பம் தணியும், மட்கியபின் அதுவே உரமுமாகும். ஆயின், கனம் மிஞ்சினால் வேருக்குக் காற்று எட்டாது. அடிமரத்தை ஒட்டிக் கூம்பாகக் குவிப்பது பெருந்தவறு: ஓயாத ஈரத்தால் பட்டை அழுகும், கறையானும் மறைவில் ஏறும். ஆகவே, அடிமரத்தினின்று ஒரு சாண் இடைவெளி விட்டு, வளையம்போல் இடுக. மழைக்காலம் முடியும் தறுவாயில், மண் நனைந்திருக்கையில் இடுவது நன்று.

ஆசிரியர்கள் இதனை மாணவர்க்கு எளிதில் விளக்கலாம். பள்ளி மரத்தடியில் ஒரு பாதியை மூடி, மறுபாதியை வெறுமையாக விடுக. இரண்டிற்கும் ஒரே அளவு நீர் ஊற்றி, பத்து நாள் கழித்து இருபுற மண்ணையும் தொட்டுப் பார்க்கச் செய்க.