நிர்வாகப் பக்கத்தை நம் கடைக்கு ஏற்ப மாற்றுவது எப்படி?

வெள்ளவத்தை காலி வீதியில் துணிக்கடை, கொட்டாஞ்சேனையில் களஞ்சியம் என இரண்டு இடங்களில் வியாபாரம் செய்பவருக்குக் கொப்பிக் கணக்கு போதாது. இரண்டு இடத்திலிருந்தும் பார்க்கக்கூடிய மென்பொருள் தேவை. அதை எழுதித் தருபவர்கள் பலர் ஆயத்தமான ஒரு சட்டகத்தைக் கொண்டே வேலையை ஆரம்பிப்பார்கள். அவற்றுள் ஒன்று 'ஜாங்கோ'.

அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில் ஒரு பத்திரிகை அலுவலகத்தில் 2003இல் உருவான இது, 2005 ஜூலையில் இலவசமாக வெளியிடப்பட்டது. பொருளின் பெயர், விலை, இருப்பு என எவற்றைப் பதிய வேண்டும் என்று எழுதிவிட்டால், அவற்றைச் சேர்க்கவும் திருத்தவும் நீக்கவும் வேண்டிய நிர்வாகப் பக்கம் தானாகவே கிடைத்துவிடும். இதனால் வேலை நாட்களும் செலவும் குறைகின்றன.

ஆனால் அந்தப் பக்கம் எல்லோருக்கும் பொதுவானது. நம் கடையின் வழக்கம் அதற்குத் தெரியாது. இங்கேதான் ஜாவாஸ்கிரிப்ட் உதவுகிறது. சிறிய ஜாவாஸ்கிரிப்ட் கோப்பொன்றை எழுதி, நிர்வாகப் பக்கத்துக்கான நிரலில் 'மீடியா' என்ற பகுதியில் அதன் பெயரைக் குறிப்பிட்டால் போதும். பக்கம் திறக்கும்போது அதுவும் சேர்ந்து இயங்கும். ஜாங்கோவின் மூல நிரலில் கை வைக்கத் தேவையில்லை.

உதாரணமாக, கடனுக்குச் சரக்கு எடுப்பவரின் அடையாள அட்டை இலக்கத்தைப் பதிகிறோம். பழைய அட்டையில் 9 எண்களும் ஓர் எழுத்தும் இருக்கும். 2016 முதல் வழங்கப்படும் அட்டையில் 12 எண்கள். ஓர் எண் விடுபட்டாலும் அந்த இடத்திலேயே சிவப்பு எழுத்தில் எச்சரிக்கச் செய்யலாம். அளவையும் விலையையும் போட்டவுடன் மொத்தத்தையும் காட்டச் செய்யலாம்.

இதில் மூன்று விடயங்களைக் கவனிக்க வேண்டும்.

முதலாவது, வரி வீதத்தை ஜாவாஸ்கிரிப்டுக்குள் எழுதி வைக்கக்கூடாது. பெறுமதி சேர் வரி 2024 ஜனவரி 1இல் 15 வீதத்திலிருந்து 18 வீதமானது. பழைய கோப்பு கணினியின் நினைவில் தங்கியிருந்தால், காசாளரின் திரை 15 என்றே கணக்குப் போடும். குறைந்த 3 வீதத்தை வாடிக்கையாளரிடம் திரும்பப் போய்க் கேட்க முடியுமா? வீதத்தையும் அது அமுலுக்கு வரும் திகதியையும் தரவுத்தளத்தில் வைப்பதே முறை.

இரண்டாவது, ஜாவாஸ்கிரிப்ட் வழி காட்டும், பூட்டுப் போடாது. விபரமறிந்த ஒருவர் உலாவியில் அதை நிறுத்திவிட்டு, 10 வீதக் கழிவை 40 ஆக்கி அனுப்பலாம். ஆகவே கழிவின் உச்ச வரம்பையும் மொத்தத்தையும் சேவையகமும் மறுபடி சரிபார்க்க வேண்டும். விலையை மாற்றும் அனுமதி யாருக்கு என்பதையும் அங்கேயே தீர்மானிக்க வேண்டும்.

மூன்றாவது, ஜாங்கோவைப் புதுப்பிக்கும்போது நாம் சேர்த்த வசதி இயங்காமல் போகலாம். 4.1 பதிப்பில், பட்டியலில் புதிய வரி சேரும்போது கிடைக்கும் அறிவிப்பின் முறை மாறியது. பழைய முறையில் எழுதிய கோப்புகளைத் திருத்த வேண்டி வந்தது. முதலில் ஒரு பிரதியில் சோதித்துப் பார்த்த பின்பே கடைக் கணினிக்குக் கொண்டுவர வேண்டும்.

எனவே பணம் கொடுக்குமுன் மென்பொருள் எழுதுபவரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள்: வரி வீதத்தை நானே மாற்ற முடியுமா? ஜாவாஸ்கிரிப்டை நிறுத்தினாலும் தவறான கழிவு தடுக்கப்படுமா? நீங்கள் எழுதிய கோப்புகளின் பிரதி எனக்குக் கிடைக்குமா? மூன்றுக்கும் 'ஆம்' என்று சொல்லி, செய்தும் காட்டினால் வேலையை நம்பி ஒப்படைக்கலாம்.