தேர்ப் பலகை காணாமல் போனால் சாட்சி எங்கே?

ஊருக்கு ஊர் தேர் உண்டு, படம்தான் இல்லை!

நாமக்கல்:

தேரோட்டம் என்றால் ஊரே திரளும். வடம் பிடிக்க ஒரு கூட்டம், முட்டுக்கட்டை போட ஒரு கூட்டம், நீர்மோர் பந்தலில் ஒரு கூட்டம். ஆனால் தேரின் அடிப்பாகத்தில் இருக்கும் மரச் சிற்பங்களை நின்று பார்ப்பவர்கள் எத்தனை பேர்?

விரல் விட்டு எண்ணி விடலாம்!

அதில் ஒரு பலகை இன்று ராத்திரி காணாமல் போகிறது என்று வைத்துக் கொள்ளுங்கள். "என்ன சிற்பம் இருந்தது? கிருஷ்ணரா, அனுமாரா, யாளியா?" என்று போலீசார் கேட்டால், பதில் சொல்ல ஊரில் ஆள் இருக்கிறதா?

கோணிப்பை போதும்

நாமக்கல்லில் பங்குனியில் நரசிம்மர், அரங்கநாதர், ஆஞ்சநேயர் என்று மூன்று தேர்களும் ஒரே நாளில் ஓடும். திருச்செங்கோட்டில் வைகாசி விசாகத் தேர். இந்தப் பக்கம் சின்ன ஊர் மாரியம்மனுக்குக் கூடத் தேர் உண்டு.

தேரின் மேல் பாகம் மூங்கிலும் சீலையும். திருவிழாவுக்குக் கட்டி, முடிந்ததும் பிரித்து விடுவார்கள். அடிப்பாகம்தான் நிரந்தரம். இலுப்பை, தேக்கு, வேங்கை போன்ற உறுதியான மரங்களில், அடுக்கடுக்காகப் புடைப்புச் சிற்பப் பலகைகள் பொருத்தி இருப்பார்கள். தசாவதாரம், சிவன் கூத்து, ராமாயணக் காட்சி, யானை, யாளி, பூதகணம் என்று ஒரு தேரில் ஒரு புராணமே அடங்கி இருக்கும்.

பழுதான பலகையை மட்டும் கழற்றி மாற்றலாம் என்பது தச்சருக்கு வசதி. திருடனுக்கும் அதேதான் வசதி! முழுத் தேரை யாரும் தூக்கிப் போக முடியாது. ஒரு பலகை என்றால் கோணிப்பைக்குள் அடங்கி விடும்.

தம்மம்பட்டி உளி

இந்த வேலை செத்துப் போன வேலை அல்ல. ராசிபுரத்தில் இருந்து நாமகிரிப்பேட்டை, முள்ளுக்குறிச்சி வழியாகப் போனால் தம்மம்பட்டி. சேலம் மாவட்டம், கெங்கவல்லி வட்டம். மரச் சிற்பத்துக்குப் பேர் போன ஊர். பக்கத்துப் பெரம்பலூர் மாவட்டத்து அரும்பாவூரும் அப்படித்தான். அரும்பாவூர் மரச் சிற்பத்துக்கு 2020-ல் புவிசார் குறியீடு கிடைத்தது.

வாகை, மாவிலங்கை, மா, வேம்பு போன்ற மரங்களில் வேலை நடக்கிறது. முதலில் மரத்தைக் காய வைக்க வேண்டும். ஈரம் இருந்தால் பின்னால் வெடித்து விடும். பலகை மேல் உருவத்தை வரைவார்கள். வாச்சியால் வேண்டாத மரத்தைச் செதுக்கித் தள்ளுவார்கள். அப்புறம் பெரிய உளி, சின்ன உளி என்று இறங்கி, கடைசியில் நுனி உளியால் நகையும் கண்ணும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் சிற்பம் பளிச்சென்று எழுந்து நிற்கும்.

கை ஒரு நூல் தவறினால் மூக்கு போச்சு! ஒட்டுப் போட்ட மூக்கை வாங்க யாரும் வர மாட்டார்கள்.

குதிரை, கருடன், யாளி போன்ற சாமி வாகனங்களுக்கு வர்ணம் உண்டு. பட்டி பார்த்து, பளபளவென்று பூசுவார்கள். ஆனால் தேர்ப் பலகை வேறு. அதற்கு எண்ணெய்தான் காப்பு. "தேர் மின்ன வேண்டும்" என்று யாராவது உபயதாரர் எனாமல் பெயிண்ட் அடித்து விட்டால் தொலைந்தது. உளி போட்ட நுணுக்கம் பூச்சுக்குள் மூடிப் போகும். மரத்தில் உள்ள ஈரமும் வெளியே வராது.

பழசா? புதுசா?

இன்னொரு பக்கம் ஏமாற்று வேலை. புதுப் பலகையைச் சாயத்தில் கறுக்க வைத்து, ஓரத்தை உடைத்து, மேலே வர்ணத்தைப் பூசிச் சுரண்டி விட்டால் நூறு வருஷத்துப் பலகை ரெடி! "எங்க தாத்தா காலத்துச் சரக்கு சார், உங்களுக்காகத்தான் தர்றேன்" என்பார் ஆசாமி.

வாங்கும் முன் பலகையைத் திருப்பிப் பாருங்கள். பழைய தேர்ப் பலகையின் முதுகில் வாச்சி கொத்திய தடம், பொருத்தி இருந்த துளை, ஆப்பு அடித்த பள்ளம் தெரிய வேண்டும். மிஷின் ரம்பம் ஓடிய கோடு வரிவரியாக இருந்தால், சரக்கு புதுசு.

புதுசு என்றால் பணம் போச்சு. நிஜமாகவே பழசு என்றால்? அதுதான் பெரிய வில்லங்கம்!

சட்டம் சொல்வது

1972-ம் ஆண்டு தொல்பொருள் சட்டப்படி, நூறு வருஷத்துக்குக் குறையாத சிற்பம் தொல்பொருள். மரமானாலும் அப்படித்தான். லைசென்ஸ் இல்லாமல் அதில் வியாபாரம் செய்யக் கூடாது. தனியார் யாரும் வெளிநாட்டுக்கு அனுப்பவும் கூடாது. அனுப்பினால் 6 மாதத்துக்குக் குறையாமல் 3 வருஷம் வரை ஜெயில். திருட்டுச் சொத்து என்று தெரிந்தே வாங்கினால் வாங்கியவர் மீதும் வழக்கு பாயும்.

இதற்கென்று தமிழகப் போலீசில் 1983-ல் இருந்தே சிலை திருட்டுத் தடுப்புப் பிரிவு இருக்கிறது. ஆனால் போலீசாருக்கு வேண்டியது சாட்சி. அது எங்கே?

ஒரு போட்டோ செய்த வேலை

அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் நடராஜர் கதையைக் கேளுங்கள். கோவிலில் இருந்து திருடு போன அந்தப் பஞ்சலோகச் சிலையை, ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் 2008-ல் 50 லட்சம் டாலர் கொடுத்து வாங்கியது. கடல் தாண்டிப் போன சாமி, 2014-ல் திரும்பி வந்தார்!

எப்படி? புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் முன்பு அந்தக் கோவிலில் எடுத்து வைத்திருந்த போட்டோ! அதையும் சிலையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்ததும் குட்டு வெளிப்பட்டது.

பஞ்சலோகச் சிலைக்கே போட்டோதான் சாட்சி என்றால், தகரக் கொட்டகையில் நிற்கும் தேர்ப் பலகைக்கு?

1959-ம் ஆண்டு அறநிலையத்துறைச் சட்டப்படி கோவிலுக்குச் சொத்துப் பதிவேடு உண்டு. அதில் "தேர் ஒன்று" என்று ஒரு வரி எழுதி வைத்தால் போதாது. பலகைக்கு ஒரு எண், எண்ணுக்கு ஒரு படம், நீளம், அகலம் வேண்டும். திருப்பணிக்காகப் பலகையைக் கழற்றினால், கழற்றியது எத்தனை, திரும்ப மாட்டியது எத்தனை என்று கணக்கும் வேண்டும்.

அறநிலையத்துறை கையில் இல்லாத ஊர்க் கோவில்களுக்கு? ஊர்க்காரர்கள்தான் காவல். இன்று எல்லார் பாக்கெட்டிலும் செல்போன் இருக்கிறது. அடுத்த தடவை தேர் நிலைக்கு வந்ததும், சாமியோடு சேர்த்து நம் முகத்தை மட்டும் எடுக்காமல், தேரின் நாலு பக்கமும் பலகை பலகையாக எடுத்து, தர்மகர்த்தாவிடம் ஒரு பிரதி கொடுத்து வையுங்கள்.

வீட்டுக்கு அழகாக ஒரு பலகை வேண்டுமா? தம்மம்பட்டிக்குப் போய், செதுக்கிய கையிலேயே காசைக் கொடுத்துப் புதுசாக வாங்குங்கள். அவர் வீட்டிலும் அடுப்பு எரியும். ஊர்த் தேரும் முழுசாக ஓடும்.