மோடத்துக்கு ஒரு ஜன்னல்

சித்தப்பா, வீடு முழுக்க வைஃபை பரப்புகிற மெஷ் பெட்டிகளை மாட்டுவதற்கு முன்னால் ஒரு சின்ன வேலை. டீ ஆறுவதற்குள் முடிந்துவிடும். லேப்டாப்பை ஒயர் போட்டு மோடத்தில் செருகி ஒரு ஸ்பீடு டெஸ்ட் பார்ப்போம். வைஃபையில் வேண்டாம், ஒயரில்தான். அங்கே வருகிற வேகம்தான் இந்த வீட்டுக்கு வருகிற மொத்த இன்டர்நெட். அது 10 எம்பிபிஎஸ் என்றால், எவ்வளவு விலை கொடுத்து மெஷ் வாங்கினாலும் 10தான். சம்பில் விழுகிற தண்ணீர் வேறு, வீட்டுக்குள் ஓடுகிற குழாய் வேறு. மெஷ் என்பது குழாய். விற்கிறவர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள். நெட் மெதுவாக இருக்கிறது என்று போனால், எந்த இடத்தில் மெதுவாக இருக்கிறது என்று கேட்காமலே மூன்று பெட்டியைக் கட்டிக் கொடுத்துவிடுவார்கள்.

உங்கள் தெருவுக்கு ஃபைபர் வரவில்லை, அதனால் ஏர்ஃபைபர் போட்டீர்கள். 2023 ஆகஸ்டில் ஏர்டெல்லும் செப்டம்பரில் ஜியோவும் ஆரம்பித்த சேவை. ஜியோ முதலில் தொடங்கிய எட்டு நகரங்களில் சென்னையும் உண்டு. பெயரில்தான் ஃபைபர். டவரிலிருந்து உங்கள் வீடு வரை வருவது 5ஜி சிக்னல், மொபைலுக்கு வருகிற அதே சரக்கு. ஜியோ மொட்டை மாடியில் ஒரு பெட்டியை மாட்டி, அங்கிருந்து கேபிள் இறக்கி, உள்ளே ரூட்டரில் கொடுக்கிறது. வேறு சில இணைப்புகளில் மோடமும் வைஃபையும் ஒரே டப்பாவுக்குள் இருக்கும். அமெரிக்காவில் டி-மொபைல் கொடுப்பதும் அப்படித்தான். உங்களுடையதும் அந்த ரகம்.

சிக்கலே அங்கேதான். ஒரே டப்பா டவரோடும் பேச வேண்டும், உங்கள் போனோடும் பேச வேண்டும். டவருக்கு வசதியான இடம் மாடி அறையின் மூலை ஜன்னல். நமக்கு வசதியான இடம் ஹால். நீங்கள் ஹாலில் டிவிக்குப் பின்னால் வைத்திருக்கிறீர்கள். வைஃபை கோடு முழுதாகத் தெரிகிறது, உள்ளே வருகிற நெட்டோ நொண்டுகிறது. மெஷ்ஷால் உங்களுக்கு உண்மையான லாபம் என்று நான் நினைப்பது, இந்த இரண்டு வேலையையும் அது பிரித்துவிடுகிறது என்பதுதான். மோடம் டவருக்கு, மெஷ் வீட்டுக்கு.

ஆகவே முதலில் மோடத்துக்கு இடம் தேடுவோம். அதன் ஆப்பில் ஆர்எஸ்ஆர்பி, எஸ்ஐஎன்ஆர் என்று இரண்டு எண் இருக்கும். முதலாவது சிக்னலின் பலம், மைனஸில் காட்டும். மைனஸ் 80 என்றால் நன்று, மைனஸ் 110 என்றால் தள்ளாட்டம். இரண்டாவது, இரைச்சலுக்கு நடுவே சிக்னல் எவ்வளவு தெளிவு என்பது. 20க்கு மேல் போனால் அருமை. நான் இந்த இரண்டாவதைத்தான் அதிகம் நம்புவேன், ஏனென்றால் பலமான சிக்னலும் கலங்கலாக இருந்தால் வேகம் வராது. டப்பாவை ஒவ்வொரு ஜன்னலாக வைத்து, கொஞ்ச நேரம் பொறுத்து எண்ணைப் பாருங்கள். ஜன்னலில் இரும்புக் கிராதி இருந்தால் கொஞ்சம் தடுக்கும். உலோகப் பூச்சுள்ள சன் ஃபிலிம் ஒட்டியிருந்தால் நிறையவே தடுக்கும். பீரோவுக்குப் பக்கத்தில் மட்டும் வைக்காதீர்கள்.

இடம் கிடைத்ததும் மெஷ்ஷின் முதல் பெட்டியை மோடத்தோடு ஒட்டி வைக்க வேண்டும் என்று எல்லாரும் நினைக்கிறார்கள். தேவையே இல்லை. ஈதர்நெட் கேபிள் 100 மீட்டர் வரை தாங்கும். மாடி ஜன்னலிலிருந்து ஒரு கேட்6 கேபிளைப் படிக்கட்டு ஓரமாக இறக்கி, முதல் பெட்டியை ஹாலில் வைத்துவிடலாம். பாதிப் பிரச்சினை அந்த ஒரு கேபிளில் தீரும்.

இரண்டாவது பெட்டியைச் சிக்னலே வராத பின்னறையில் வைப்பது வழக்கமான தவறு. பெட்டிக்கே சிக்னல் கிடைக்காத இடத்தில் அது எதை வாங்கி யாருக்குக் கொடுக்கும்? ஹாலுக்கும் பின்னறைக்கும் நடுவழியில், சிக்னல் இன்னும் நன்றாக இருக்கிற இடத்தில் வையுங்கள். அதையும் கேபிளில் இணைத்தால் சுகம். இல்லாவிட்டால், இரண்டு பேண்ட் மட்டுமே உள்ள பெட்டி ஒரே ரேடியோவில் வாங்கி அதே ரேடியோவில் கொடுப்பதால் வேகம் ஏறக்குறைய பாதியாகிவிடும். பின்னறையில் வீடியோ கால் பேச அந்தப் பாதியே போதும். மூன்றாவது பெட்டி இந்த வீட்டுக்கு வேண்டாம். பக்கத்துப் பக்கத்தில் பெட்டி கூடினால் ஒன்றுக்கொன்று இடையூறு செய்யும். போனும் பழைய பெட்டியை விடாமல் பிடித்துக்கொண்டு தொங்கும். எந்தப் பெட்டியோடு சேர்வது என்று கடைசியில் முடிவு செய்வது போன்தான், மெஷ் அல்ல.

இனி செட்டிங். கொஞ்சம் பொறுமை வேண்டும், இன்னொரு டீ சொல்லலாம். மோடமும் ஒரு ரூட்டர், மெஷ்ஷும் ஒரு ரூட்டர். இரண்டும் தனித்தனியாக வீட்டுச் சாதனங்களுக்கு முகவரி கொடுத்தால் ஒரே வீட்டில் இரண்டு நெட்வொர்க் உண்டாகும். டிவி மோடத்தின் வைஃபையில் இருக்கும், போன் மெஷ்ஷில் இருக்கும். போனிலிருந்து படத்தை டிவிக்கு அனுப்பினால் போகாது, பிரின்டர் கண்ணில் படாது. அதனால் மெஷ் ஆப்பில் ஆக்சஸ் பாயின்ட் மோடுக்கு மாற்றுங்கள். முகவரி கொடுக்கிற வேலை மோடத்திடமே இருக்கட்டும். டிபி-லிங்க் டெகோவில் இது சுலபம். கூகுள் வைஃபையில் ஒன்றுக்கு மேல் பெட்டி இருந்தால் இந்த வகை மோடு கிடைக்காது. அங்கே மெஷ் ரூட்டராகவே இருக்கட்டும், எல்லாச் சாதனங்களையும் மெஷ்ஷுக்கே கொண்டுவந்துவிட்டால் போதும். இப்படி ரூட்டருக்குப் பின்னால் ரூட்டர் இருப்பதை 'டபுள் நாட்' என்று சொல்லிச் சிலர் பயமுறுத்துவார்கள். கவலை வேண்டாம். வயர்லெஸ் இணைப்புகளில் கம்பெனியே பல வீடுகளை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைத்திருப்பது சகஜம். மோடத்தின் முகவரி 100.64க்கும் 100.127க்கும் இடையில் தொடங்கினால் உங்கள் வீடும் அதில் ஒன்று. வெளியூரிலிருந்து கேமராவை நேரடியாகத் திறந்து பார்க்கிற பழைய முறை அங்கே எப்படியும் நடக்காது. கேமரா கம்பெனியின் ஆப் வழியாகப் பார்ப்பதற்குத் தடையில்லை.

பிறகு மோடத்தின் வைஃபையை அணையுங்கள். அணைக்க வசதி இல்லாத மோடம் என்றால் அதன் வைஃபை பெயரை மாற்றுங்கள். பழைய பெயரையும் பாஸ்வேர்டையும் மெஷ்ஷுக்கு அப்படியே கொடுத்துவிட்டால், சித்தியின் போன், டிவி எல்லாம் யாரும் சொல்லாமலே வந்து ஒட்டிக்கொள்ளும்.

கரண்ட் விஷயம் ஒன்று பாக்கி. உங்கள் இன்வர்ட்டர் லைனில் லைட்டும் ஃபேனும்தான் இருக்கின்றன, பிளக் பாயின்ட் இல்லை. இதுவரை ஒரு டப்பா, இனி மூன்று இடத்தில் கரண்ட் வேண்டும். மாடி ஜன்னலில் மோடம் அணைந்தால் ஹாலில் மெஷ் எரிந்தும் பயனில்லை. கேபிள் இழுக்க எலக்ட்ரீஷியன் வருகிற அன்றே மோடத்துக்கும் முதல் பெட்டிக்கும் இன்வர்ட்டரிலிருந்து ஒரு பாயின்ட் எடுத்துக் கொடுக்கச் சொல்லுங்கள். பின்னறைப் பெட்டி கரண்ட் வரும்வரை காத்திருக்கட்டும்.