எயர் நெடுஞ்சாலையில் மோட்டார் சைக்கிள் பயணம்

பெர்த்திலிருந்து அடிலெய்டுக்கு மோட்டார் சைக்கிளில் செல்ல விழைவோர், மொத்தத் தூரத்தை நாட்களால் வகுத்துத் திட்டமிடுதல் போதாது என்பேன். இடையிலுள்ள எயர் நெடுஞ்சாலை மட்டும் ஏறத்தாழ 1,660 கிலோமீட்டர். அதில் பலடோனியாவை விட்டால், 182 கிலோமீட்டர் கடந்து கைகூனாவில்தான் பெட்ரோல். லிட்டருக்கு 20 கிலோமீட்டர் ஓடும் வண்டிக்கு 9 லிட்டருக்குச் சற்று மிகுதியாக வேண்டும். ஐந்தாம் வகுப்புக் கணக்குத்தான்; எனினும் எதிர்காற்று வீசினால் விடை மாறிவிடும்.

பெட்ரோலினும் பெரிது பொழுது. அந்தி மயங்கும் வேளையில் கங்காருகள் சாலைக்கு வருகின்றன. மோதினால் காரின் தகரம் நசுங்கும். மோட்டார் சைக்கிளில் செல்பவருக்கோ உயிரே போகலாம். ஆதலால் கதிரவன் சாயுமுன் தங்குமிடம் சேருமாறு ஒவ்வொரு நாளின் தூரத்தையும் குறுக்கவேண்டும். கிழக்கே தெற்கு ஆஸ்திரேலியாவினுள் புகுந்ததும் கடிகாரத்தை ஒன்றரை மணி, கோடையில் இரண்டரை மணி, முன்னே தள்ளவேண்டும். பெட்ரோல் நிலையம் அடைப்பது அக்கடிகாரப்படியே.