குரோஷா பொம்மை விற்கிறீர்களா? உள்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள்

வீட்டில் குரோஷா போடும் பெண்கள் பலர் இன்று இன்ஸ்டாகிராமிலும் வாட்ஸ்அப் குழுக்களிலும் ஆர்டர் எடுக்கிறார்கள். மேஜை விரிப்பும் வாசல் தோரணமும் போட்ட கைகள் இப்போது முயல், யானை, கிலுகிலுப்பை, பச்சைக்குழந்தைக் காலுறை என்று போடுகின்றன. வேலை நேர்த்தியாக இருக்க வேண்டும் என்ற அக்கறை எல்லோருக்கும் உண்டு. ஆனால் அந்த நேர்த்தியைப் பெரும்பாலும் வெளிப்பக்கத்திலேயே தேடுகிறோம். குழந்தையின் கைக்கும் வாய்க்கும் போகிற பொருளில் நேர்த்தி என்றால் முதலில் பாதுகாப்பு. காசுக்கு விற்கும்போது அது சட்டப் பொறுப்பும் ஆகிறது.

காலுறையில் தொடங்குவோம். காலுறை, கையுறை இவற்றின் உள்ளே தொங்கும் ஒரே ஒரு இழை குழந்தையின் விரலைச் சுற்றிக்கொள்ளலாம். காலை உதைக்க உதைக்க அது இறுகும். ரத்த ஓட்டம் தடைப்பட்டு விரல் சிவந்து வீங்கும், பிறகு நீலம் பாரிக்கும். கவனிக்காமல் விட்டால் விரலையே இழக்க நேரும். குழந்தை காரணம் தெரியாமல் விடாமல் அழுதால், உறையைக் கழற்றி ஒவ்வொரு விரலாகப் பாருங்கள். இழை சதைக்குள் பதிந்திருந்தால் வீட்டில் கத்தரியை வைத்துத் தோண்டாமல் உடனே மருத்துவரிடம் ஓடுங்கள்.

இதைத் தடுப்பது பின்னுகிறவர் கையில்தான் இருக்கிறது. முடிக்கும்போது 15 செ.மீ. நூலாவது மிச்சம் விடுங்கள். முனை மழுங்கிய ஊசியில் அதைக் கோத்து ஒரு திசையில் ஐந்தாறு தையல் ஓட்டி, திரும்பி எதிர்த்திசையில் ஓட்டி, மறுபடி ஒருமுறை திருப்புங்கள். தையல்களுக்கு அடியில் சும்மா நுழைத்துவிட்டுப் போகாமல், நூலின் இழைகளைப் பிளந்துகொண்டு ஊசி போனால் பிடிப்பு அதிகம். முடிச்சுப் போட்டு ஒட்ட நறுக்குவது போதாது. பளபளக்கும் மெர்சரைஸ்டு பருத்தி நூலில் சலவை செய்யச் செய்ய முடிச்சு நழுவிவிடலாம். நிறம் மாற்றும்போது முதல் நிற நூலை உள்ளே நீளமாக இழுத்துக்கொண்டு போகும் வழக்கம் குழந்தை உறைகளுக்கு வேண்டவே வேண்டாம். அந்தக் கண்ணியில்தான் சின்ன விரல் மாட்டும்.

பொம்மையில் ஆபத்து வேறு வழியில் வருகிறது. மேஜிக் ரிங்கில் 6 சிங்கிள் குரோஷே, அடுத்த சுற்றில் 12, பிறகு 18, 24 என்று வளரும் கணக்கு உங்களுக்குத் தெரிந்ததுதான். சுற்றின் முதல் தையலில் மார்க்கரோ வேற்று நிற நூல் துண்டோ மாட்டி, ஒவ்வொரு சுற்றையும் எண்ணுங்கள். ஒன்று குறைந்தால் அடுத்த சுற்றில் சரிக்கட்டலாம் என்று போகாமல் அவிழ்த்துப் போடுவதே நல்லது. கூட்டல் தையல்கள் சுற்றுக்குச் சுற்று ஒன்றன் மேல் ஒன்றாக விழுந்தால் உருண்டை அறுகோணமாகத் தெரியும். இடம் மாற்றிப் போட்டால் வட்டம் வட்டமாகவே இருக்கும். குறைக்கும் இடத்தில் இரண்டு தையல்களின் முன்கண்ணிகளை மட்டும் எடுத்துப் போடுங்கள், ஓட்டை விழாது.

ஓட்டை விழுந்தால் உள்ளே அடைத்த பாலியஸ்டர் பஞ்சு வெளியே வரும். குழந்தை அதைப் பிய்க்கும், வாயில் போடும். அதனால் நூல் லேபிள் 3.5 மி.மீ. குரோஷா ஊசி என்று சொன்னால் பொம்மைக்கு 2.5 மி.மீ. எடுங்கள். நூலை ஊசியின் மேலாகச் சுற்றாமல் ஊசியை நூலின் மேல் கொண்டுபோய் இழுத்தால், தையல் ‘எக்ஸ்’ வடிவில் நெருங்கி விழும். பஞ்சு அடைத்ததும் வெளிச்சத்தில் பிடித்து இழுத்துப் பாருங்கள். வெள்ளை தெரிந்தால் பின்னல் தளர்வு. மேஜிக் ரிங்கின் வாலை வளையத்தைச் சுற்றி இரண்டு முறை ஓட்டிக் கட்டாவிட்டால் நடுமையம் ஒருநாள் திறந்துகொள்ளும். இறுக்கமாகப் போடும் வேலை கட்டைவிரலையும் மணிக்கட்டையும் பதம் பார்க்கும் என்பதால் இடையிடையே கையை நீட்டி மடக்கி ஓய்வு கொடுங்கள்.

கடைகளில் ‘சேஃப்டி ஐ’ என்று கிடைக்கும் பிளாஸ்டிக் கண்ணைப் பெயரைப் பார்த்து நம்பிவிடாதீர்கள். பின்னால் உள்ள வாஷர் எளிதில் கழலாது, உண்மைதான். ஆனால் கண்ணும் வாஷரும் சேர்ந்து பின்னல் ஓட்டை வழியே பிதுங்கி வெளிவரலாம். மூன்று வயதுக்குக் குறைந்த குழந்தைக்கு என்றால் கண், மூக்கு எல்லாம் நூலிலேயே எம்பிராய்டரி செய்யுங்கள். மணி, பொத்தான், நீண்ட கயிறு எதுவும் வேண்டாம். பொம்மைகளைச் சோதிக்கும் கூடங்களில் 31.7 மி.மீ. விட்டமுள்ள ஓர் உருளை வைத்திருப்பார்கள். கழன்று வரும் துண்டு அதற்குள் முழுதாக அடங்கினால், அது சின்னக் குழந்தையின் தொண்டையை அடைக்கக்கூடியது என்று கணக்கு.

இனி சட்டம். 14 வயதுக்குட்பட்டவர்கள் விளையாடும் பொம்மைகளுக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம் என்ற மத்திய அரசின் தரக்கட்டுப்பாட்டு ஆணை 1.1.2021 முதல் நடப்பில் இருக்கிறது. துணி பொம்மை, நூல் பொம்மை என்று அது விலக்கிவைக்கவில்லை. மீறினால் இந்தியத் தர நிர்ணய அமைவனச் (பிஐஎஸ்) சட்டம், 2016-இன்படி முதல்முறையே சிறைத் தண்டனையோ 2 லட்சம் ரூபாய்க்குக் குறையாத அபராதமோ விதிக்கலாம். வீட்டில் மாதம் பத்து முயல் போடுகிற பெண்ணுக்கு இது பெரிய இடி. ஆனால் வழி இருக்கிறது. மத்திய ஜவுளி அமைச்சகத்தின் கைவினைப் பொருட்கள் மேம்பாட்டு ஆணையரிடம் பதிவு செய்த கைவினைஞர் தாமே செய்து விற்கும் பொம்மைகளுக்கு 2020 டிசம்பரில் வந்த திருத்தம் விலக்கு தந்திருக்கிறது. அந்தப் பதிவுக்கு அடையாளம் ‘பஹ்சான்’ அட்டை. மகளிர் குழு உறுப்பினர் என்பதோ, சிறுதொழிலுக்கான ‘உத்யம்’ பதிவோ இதற்கு ஈடாகாது. பதிவில்லாத பக்கத்து வீட்டு அக்கா போட்டதை உங்கள் பெயரில் விற்றாலும் விலக்கு பொருந்தாது. பஹ்சான் அட்டைக்கு இன்றே விண்ணப்பியுங்கள்.

விலக்கு கிடைத்தால் பொறுப்பு போய்விடாது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 குறைபாடுள்ள பொருளால் தீங்கு நேர்ந்தால் தயாரித்தவரிடம் இழப்பீடு கேட்கும் உரிமையை வாங்கியவருக்குத் தருகிறது. ‘100% பாதுகாப்பானது’ என்று நீங்கள் எழுதிக்கொடுத்த உத்தரவாதம் பொய்த்தால், கவனக்குறைவு இல்லை என்று நிரூபித்தாலும் தப்ப முடியாது. அதனால் பொம்மையோடு வைக்கும் அட்டையில் தெரிந்ததை மட்டும் எழுதுங்கள்: நூல் பருத்தியா அக்ரிலிக்கா, உள்ளே என்ன பஞ்சு, எந்த வயதுக்கு, எப்படித் துவைப்பது. அனுப்பும் முன் உள்பக்கத்தையும் சேர்த்துப் படம் எடுத்து வையுங்கள்.  

நூல் வாங்கும்போது நீங்களே நுகர்வோர். ஒரே ‘லாட்’ எண் உள்ள கண்டுகளை மொத்தமாக வாங்கி, வேலை முடியும்வரை லேபிளையும் பில்லையும் வைத்திருங்கள். லாட் மாறினால் அதே நிறம் ஒரு சாயல் மாறி நடுவில் கோடாகத் தெரியும். பொட்டலத்தில் தயாரிப்பாளர் முகவரி, நிகர எடை, அதிகபட்ச விலை, புகார் தொடர்பு எண் இருக்க வேண்டும். எடை குறைந்தாலோ சாயம் கழன்றாலோ தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம். ‘விற்பதற்குத்தானே வாங்கினீர்கள், நீங்கள் நுகர்வோர் இல்லை’ என்று கடைக்காரர் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். சுயதொழிலாகப் பிழைப்புக்கு மட்டுமே வாங்கிப் பயன்படுத்துகிறவரும் நுகர்வோரே என்று சட்டத்தில் எழுதியிருக்கிறது. இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம், 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது.

கூலி விஷயம் இன்னும் கசப்பானது. ஆந்திராவின் நரசாப்பூரில் 19ஆம் நூற்றாண்டில் கிறிஸ்தவ மிஷனரிகள் கற்றுக்கொடுத்த குரோஷா லேஸ் ஏற்றுமதித் தொழிலாக வளர்ந்தது. அங்கே ஆய்வு செய்து 1982-இல் நூல் எழுதிய சமூகவியலாளர் மரியா மீஸ், பின்னும் பெண்களைத் தொழிலாளர் என்று எண்ணாமல் ‘ஓய்வு நேரத்தில் பின்னும் இல்லத்தரசிகள்’ என்று சொல்லியே கூலியை அடிமட்டத்தில் வைத்ததைக் காட்டினார். அதே பேச்சு இன்று நம் ஊர் பொட்டிக்கிலும் கேட்கிறது: ‘வீட்டில் சும்மாதானே இருக்கீங்க, வித்ததும் தர்றோம்.’ கட்டணமே இல்லாத உத்யம் பதிவைச் செய்து, பில் போட்டுச் சரக்கைக் கொடுங்கள். குறு, சிறு நிறுவனம் செய்து தரும் பொருளுக்கு எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால்கூட 45 நாளுக்கு மேல் தவணை வைக்க முடியாது என்கிறது 2006ஆம் ஆண்டு எம்எஸ்எம்இ சட்டம். ஒப்பந்தமே இல்லையென்றால் 15 நாள். தாண்டினால் வங்கி வீதத்தைப்போல் மூன்று மடங்கு கூட்டுவட்டி சேரும். எம்எஸ்எம்இ அமைச்சகத்தின் இணையதளத்தில் புகார் கொடுத்தால் அது பாக்கித் தகராறுகளைத் தீர்க்கும் வசதியாக்கல் மன்றத்துக்குப் போகும்.

இன்னொன்று, ‘வீட்டிலிருந்தே குரோஷா வேலை, நூல் அனுப்புகிறோம், முன்பணம் 2,000 கட்டுங்கள்’ என்ற விளம்பரம். வேலை தருகிறவர் உங்களிடம் பணம் கேட்டால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். பெரிய ஆர்டர் தருவதாகச் சொல்லி, ‘பணம் அனுப்ப இந்த க்யூஆரை ஸ்கேன் பண்ணுங்க’ என்பவரும் அதே ரகம். பணம் வாங்குவதற்கு யுபிஐ பின் எண் போடவே தேவையில்லை. ஏமாந்தது தெரிந்த நிமிடமே சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழையுங்கள். பணம் அடுத்த கணக்குக்கு மாறும் முன் முடக்க முடிகிற வாய்ப்பு அந்த ஆரம்ப மணி நேரங்களில்தான் அதிகம்.